ரேமுக்குக் கிறீஸ் பூசியவன்

ஓடாத சாமானைத் திருத்தப் போய் இன்னும் கெடுத்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். நான் அவர்களைவிட ஒருபடி மேல். திருத்தி முடித்து, நன்றாக ஓடவும் வைத்து, வீட்டாரின் பாராட்டையும் வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு கெடுத்தவன்.

நாட்டில் சண்டை முடிந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். கடலுக்கு இருந்த கெடுபிடி குறைந்து, கற்பிட்டியில் போட்டுகள் பெருகி, வாப்பாவின் எஞ்சின் பட்டறையில் வேலை குவிந்து கிடந்த காலம். நானும் அங்கேதான். அரைவாசி எஞ்சினைக் கழற்றத் தெரியும், முழு எஞ்சினையும் பற்றிக் கதைக்கத் தெரியும். (கதைக்கிறதுக்குத்தான் ஊரில் மதிப்பு.)

மச்சான், அதாவது என் ராத்தாவின் புருஷன், சவூதியில் வேலை. போகும்போது பழைய மேசைக் கம்பியூட்டர் ஒன்றை வாங்கி எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். வீடியோவில் முகம் பார்த்துக் கதைக்கலாம் என்று ஆசை. ஆனால் அதற்கு வயதாகிவிட்டது. படம் வந்தால் சத்தம் வராது, சத்தம் வந்தால் படம் வராது, இரண்டும் வந்தால் கரண்ட் போகும்.

அவர் போய் ஆறு மாதத்தில் ராத்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஸஹ்ரா. தலை நிறைய முடி. ஏழாம் நாள் எடுக்க வேண்டிய முடியை நாற்பதாம் நாளுக்குத் தள்ளிவைத்தோம். மச்சான் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பிறந்த முடியோட என்ட புள்ளய ஒருக்காப் பாக்கணும். அதுக்குப் பொறகு எடுங்க."

நாற்பதாம் நாள் ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. மறுநாளே மச்சானைப் பாலைவனத்துக்குள் ஏதோ ஒரு சைட்டுக்கு அனுப்புகிறார்கள். லீவு கிடைக்கும் மட்டும் அங்கேதான், இன்டர்நெட் கிடையாது. ஆகவே எங்கள் ஊர் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அவர் கூட்டாளியின் லெப்டொப்பில் ஒரு மணித்தியாலம், அவ்வளவுதான் இருந்தது. பிள்ளை பெற்று நாற்பது கழியாதவர் வெளியே போக முடியாது. போனாலும் வெள்ளிக்கிழமை நெட் கடை பூட்டு. எல்லாம் எங்கள் கிழட்டுக் கம்பியூட்டரின் தலையில்தான்.

மச்சான் அனுப்பிய சின்னக் காசில் புதிய கம்பியூட்டர் எங்கே வாங்க? புத்தளம் டவுனுக்கு பஸ் ஏறினேன். கடைக்காரர் நான் கழற்றிக் கொண்டுபோன பழைய ரேமை, அதாவது கம்பியூட்டரின் ஞாபகத் தகட்டை, புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தச் சாதி இப்ப வாறதில்ல தம்பி" என்றார். பிறகு மேசை லாச்சியைத் துழாவி, யாரோ பாவித்த ரேம் ஒன்றை எடுத்துத் தந்தார். ஒரு சின்ன வெப்கேமும் வாங்கினேன். பூட்டித் தர ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார். அந்தக் கூலியை மிச்சம் பிடிக்கலாமே என்று, "போட் எஞ்சினே பூட்டுறவன் நான், இது என்ன பெரிய வேல!" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வையை அன்றைக்கே விளங்கிக்கொண்டிருக்கலாம்.

வியாழக்கிழமை பெட்டியை முழுக்கத் திறந்தேன். உள்ளே உப்புக் காற்றின் துருவும், ஒரு கரப்பான் குடும்பமும். துடைத்து, ஊதி, பழைய ரேமையும் பக்கத்தில் புதியதையும் குத்தி, சுவிட்சைப் போட்டேன். சுபஹானல்லாஹ்! தேநீர் குடித்து முடிகிற மட்டும் திறக்காத கம்பியூட்டர், கோப்பையைத் தூக்கும் முன்னமே திறந்தது. கேமராவில் ராத்தாவின் முகம் தெரிந்தது. "என்ட தம்பி என்ஜினியர்தான்" என்று சொல்லி, ஒரு வட்டலப்பம் முழுவதையும் என் முன்னால் வைத்தார். அதைத் தின்றுவிட்டுப் பேசாமல் படுத்திருக்கலாம்.

வெள்ளி காலையில் வாப்பா வந்து, திறந்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"கிறீஸ் போட்டியா?"

"கம்பியூட்டருக்கா வாப்பா?"

"இரும்பு, செம்பு எல்லாம் இரிக்கிதானே? உப்புக் காத்து கம்பியூட்டர், போட்டு எண்டு பாத்தா வருது?"

நியாயமான கேள்வி. எங்கள் பட்டறையில் கிறீஸ் பூசாமல் ஒரு ஆணிகூட உள்ளே போகாது. பூசாமல் பூட்டினால் மூன்றே மாதத்தில் துரு தின்றுவிடும். அதோடு வட்டலப்பம் தின்றவனுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறதல்லவா? இரண்டு ரேமையும் கழற்றினேன். பொன் நிறத்தில் மின்னிய அந்தப் பல் வரிசைகளில் எஞ்சின் கிறீஸை அப்பினேன். அவை குத்துகிற பள்ளங்களிலும் விரலால் நிரப்பினேன். நல்ல தாராளமாக. (கஞ்சத்தனம் எங்கள் பரம்பரையிலேயே இல்லை.)

ஜும்ஆ முடிந்தது. மதுரங்குளியிலிருந்து மச்சானின் உம்மா, எங்கள் மாமி, ஒரு வேன் நிறையச் சனத்தோடு வந்து இறங்கினார். முடி எடுக்க ஒஸ்தா மாமா கத்தியோடு வந்து கதிரையில் உட்கார்ந்தார். ராத்தா குழந்தையைக் குளிப்பாட்டி, முடியை வாரி, கம்பியூட்டருக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். அத்தனை கண்ணும் என் மேல். சுவிட்சைப் போட்டேன்.

பீ... பீ... பீ...

திரை இருட்டு. திரும்பப் போட்டேன், திரும்பவும் பீ. ரேமைக் கழற்றித் துணியால் துடைத்தேன். துடைக்கலாம், பள்ளத்துக்குள் போனதை எப்படி எடுக்க? பட்டறைக்கு ஓடி ஒரு போத்தல் பெற்றோலும் பல் துலக்குகிற பிரஷும் கொண்டுவந்தேன்.

"என்ன வாடை இது? பச்சப் புள்ள இரிக்கிற வீட்டுல பெற்றோலா?" என்று மாமி கத்தினார்.

போன் அடித்தது. மச்சான். "லைனுக்கு வந்துட்டேன் மச்சான், படத்தக் காணலையே?"

"இந்தா, அஞ்சு நிமிஷம்."

பத்து நிமிடத்தில் திரும்ப அடித்தார். "இந்தா, அஞ்சே நிமிஷம்." மூன்றாம் முறையும் அதே பொய்யைச் சொன்னேன். என் முழங்கை வரைக்கும் கிறீஸ், கண்ணில் பெற்றோல். வாப்பாவைத் தேடினேன். ஆள் மெல்லக் கழன்று பள்ளிக்குப் போயிருந்தார். (அஸர் தொழுகைக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.)

நாலாம் முறை போனை ராத்தா வாங்கினார். என்னை ஏசவில்லை. போனைக் குழந்தையின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார். அது அழுதது. அந்தப் பக்கத்தில் மச்சான் நேரம் முடியும் மட்டும் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

"சரி, நடந்தது நடந்து போச்சி. முடிய எடுங்க" என்றார் மாமி.

"ஒஸ்தா மாமா, கத்திய உள்ள வைங்க" என்றார் ராத்தா. "அவர் பாக்காம இந்தப் புள்ளட தலையில யாரும் கை வைக்கிறேல்ல."

"அவன் வர இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல இரிக்கி! சனம் என்ன சொல்லும்?"

"சொல்லட்டும் மாமி. முடி இரிக்கட்டும்."

என் ராத்தா மாமியை எதிர்த்துப் பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன். வேன் நிறைய வந்த சனம் சாப்பிட்டுவிட்டு மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனது.

மச்சான் வரும்போது ஸஹ்ராவுக்கு ஒன்றரை வயது, முடி முதுகில் விழுந்தது. படங்கள் தபாலில் அனுப்பியிருந்தோம்தான். மனிதர் வாசலில் பெட்டியைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினார். அவள் வீறிட்டு அழுதுகொண்டு என் சாரத்துக்குப் பின்னால் ஒளிந்தாள். முடி எடுக்க மச்சானின் மடியில் இருத்தினால் இருக்கவில்லை. கடைசியில் என் மடியில் வைத்துத்தான் எடுத்தோம். மச்சான் முடி ஏந்துகிற துவாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். "பரவாயில்ல மச்சான், பழகிடுவா" என்று என்னிடம் சொன்னார். அன்றைக்கு ராவு அவர் சோறு தின்னவில்லை.

லீவு முடிந்தும் அவர் திரும்பிப் போகவில்லை. எங்கள் பட்டறையிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து மாமிக்கு நான் மகனின் ரியால் சம்பளத்துக்குக் கிறீஸ் பூசி வழுக்கவிட்டவன். கல்யாண வீடோ மௌத்து வீடோ, என்னைக் கண்டால் இந்தக் கதை வந்துவிடும். கிறீஸ் போடச் சொன்னது யார் என்று நான் கேட்டால், வாப்பா காது கேட்காதவர் மாதிரி இருப்பார்.

போன பெருநாளைக்கும் மாமி இந்தக் கதையை எடுத்தார். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, இப்போது பெரிய வகுப்புப் படிக்கிற ஸஹ்ரா கேட்டாள். "வாப்பா, அண்டைக்குக் கம்பியூட்டர் வேல செஞ்சிருந்தா நீங்க திரும்பிப் போயிருப்பீங்களா?"

மச்சான் என்னை ஒருமுறை பார்த்தார்.

"ஓம் மகள். கம்பியூட்டர்ல பாக்கலாம்தானே எண்டு போயிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, இறைச்சிச் சட்டியை என் பக்கம் தள்ளினார்.