வால் இல்லாத குரங்கும் வாலில்லாக் குரங்கும்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் மனைவியைச் சந்தேகிப்பது என்று தீர்மானித்தேன். காரணம், அவள் என் வேலையைப் பற்றி விசாரித்தாள்.

நான் மிருகக்காட்சிசாலை வாசலில் டிக்கெட் கிழித்துக் கொடுப்பவன். பத்தொன்பது வருடமாகக் கிழிக்கிறேன். வேறு எதையும் நான் கிழித்ததில்லை என்று வீட்டில் சொல்வார்கள். சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்தேனா என்பதைத் தாண்டி அவள் என் உத்தியோகம் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றைக்கு என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, குரங்குக்கும் வாலில்லாக் குரங்குக்கும் என்ன வித்தியாசம்?"

"வால்" என்றேன்.

"அவ்வளவுதானா?" என்றபடி என்னை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தாள். எதையோ அளக்கிறாள் என்று பட்டது.

அதிலிருந்து சாயங்காலத்துக்கு ஒரு கேள்வி. சந்தேகம் ஒரு பக்கம் இருந்தாலும், கேட்க ஆள் கிடைத்த பெருமையில் எல்லாவற்றையும் கொட்டினேன். குரங்கு கிளைமேல் நாலு காலில் ஓடும். வாலில்லாக் குரங்கு கிளைக்குக் கீழே கைபோட்டுத் தொங்கும், அதன் தோள் அப்படிச் சுழலும். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான், கிப்பன் எல்லாம் இந்தக் கட்சி. சிம்பன்சிக்கு, குரங்கைவிட நாம்தான் நெருங்கின சொந்தம். சொல்லச் சொல்ல அவள் தலையாட்டினாள். நான் பேசி அவள் தலையாட்டியது கல்யாணமான பிறகு அதுதான் முதல் தடவை. சந்தேகம் இரட்டிப்பானது.

ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து வீட்டைச் சோதனை போட்டேன். அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் ஒரு நோட்டு. 'தோள் நன்றாகச் சுழலும். மூளை பெரிது. நமக்கு நெருங்கின சொந்தம்.' அவளுடைய தம்பியைப் பற்றி எழுதியிருக்கிறாளோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். தோள் சரி, சொந்தமும் சரி. மூளைதான் இடித்தது. பக்கத்தைப் புரட்டினால் ஒரு விண்ணப்பத்தின் நகல் விழுந்தது. எங்கள் மிருகக்காட்சிசாலையில் வழிகாட்டி வேலை. காலி இடம் ஒன்று.

அந்த ஓர் இடத்துக்குத்தான் நானும் அவளுக்குத் தெரியாமல் விண்ணப்பித்திருந்தேன். வாழ்க்கையில் ஒருமுறையாவது ஒரு கூட்டத்துக்கு முன்னால் நடந்துபோய், நான் பேச நாலு பேர் கேட்க வேண்டும் என்று ஆசை. வீட்டில் அதற்கு வழியில்லை.

சண்டை போடலாம். போட்டால் தோற்பேன் என்பது அனுபவம். அதனால் தந்திரத்தில் இறங்கினேன். அன்று சாயங்காலமே அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இங்க பாரு தங்கம், ஒரு சின்னத் திருத்தம். கிப்பன் இருக்கே, அது வெறும் குரங்குதான். பார்பரின்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு வால் கிடையாது. அதனால அது வாலில்லாக் குரங்கு."

இரண்டும் தலைகீழ். பார்பரிக்கு வால் இல்லையே தவிர, அது அசல் குரங்கு. அவள் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டாள். எங்கே மறந்துவிடப் போகிறாளோ என்று இரண்டு வாரம் தினமும் ஒப்பிக்க வைத்தேன். முதலில் நான் சொல்வேன், பின்னாலேயே அவள் சொல்வாள்.

நேர்முகத் தேர்வன்று பெஞ்சில் அவளைப் பார்த்து அதிர்ச்சி அடைந்ததுபோல் நடித்தேன். அவள் நடிக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். எதையெதையோ சந்தேகப்பட்ட நான் இதைச் சந்தேகப்படவில்லை.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். மிருக டாக்டரம்மா கேட்டார்:

"வால் இல்லாத குரங்கு ஒண்ணு சொல்லுங்க. ஆனா அது வாலில்லாக் குரங்கா இருக்கக் கூடாது."

எனக்குத் தெரிந்த பதில்தான். ஆனால் இரண்டு வாரமாக ஒப்பித்துப் பழகிய வாய் என்னைக் கேட்கவில்லை. "கிப்பன்" என்றது. டாக்டரம்மா பேனாவை மூடினார்.

அடுத்து அவள் போனாள். அரைமணி நேரம் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. மத்தியானமே அறிவிப்புப் பலகையில் அவள் பேரை ஒட்டிவிட்டார்கள்.

திரும்பும் வழியில் பஸ்ஸில், பொதுவாக விசாரிப்பதுபோல், பார்பரியைப் பற்றி ஏதாவது கேட்டார்களா என்றேன்.

"கேட்டாங்க. குரங்குன்னு சொன்னேன்."

"நான் வேற மாதிரி இல்ல சொல்லிக் கொடுத்தேன்?"

"பொய் சொல்லும்போது மட்டும்தான் நீங்க என்னைத் தங்கம்னு கூப்பிடுவீங்க. அதான், மறுநாளே டிக்கெட் வாங்கிட்டு உள்ள போய், கூண்டு காக்கறவங்களைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"டிக்கெட்டா? யார்கிட்ட வாங்கின?"

"உங்ககிட்டதான். நீங்க நிமிர்ந்தே பார்க்கல."



திங்கட்கிழமை காலை அவளுக்குக் காக்கிச் சீருடை வந்தது. பத்து மணிக்கு முதல் கூட்டமாம். சட்டையை என்னிடம் நீட்டி, காலரை மட்டும் கொஞ்சம் அழுத்தித் தேய்க்கச் சொன்னாள்.

அழுத்தியே தேய்த்தேன்.