நூற்றுக்குப் பதினெட்டு

ஜூன் 9, திங்கள். இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். குறிக்கோள் தாளில் ஆசிரியர்கள் கையெழுத்துப் போட இடம் விடவில்லை. தாளைச் சுற்றுக்கு அனுப்பிய பிறகுதான் கவனித்தேன்.

எழுதி முடித்து, நாட்குறிப்பை மூடிவிட்டு, ஒருங்கிணைப்பாளராக இருந்த இளைஞன் நகத்தைக் கடித்தான். மாலை வகுப்பில் கணினி சொல்லித்தரும் அவனுக்கு இந்தப் பதவி கிடைத்ததற்குத் திறமை காரணமில்லை. “யார் பொறுப்பேத்துக்கிறீங்க?” என்று கல்வி அதிகாரி கேட்டபோது மற்ற நான்கு ஆசிரியர்களும் ஒரே நேரத்தில் குனிந்து செருப்பைத் தேடினார்கள். அவன் மட்டும் நிமிர்ந்திருந்தான்.

கல்வி அலுவலகத்தின் கடிதம் கறாராக இருந்தது. நான்கு ஆசிரியர்களும் ஒரே குறிக்கோளுக்குக் கையெழுத்திட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அதில் முன்னேற்றமும் காட்ட வேண்டும். இல்லையென்றால் மாலை வகுப்பை மூடிவிடுவார்கள். வேலை முடிந்த கையோடு ஓடிவரும் தையல்காரர்களும் ஓட்டுநர்களும் கடைப் பெண்களுமாக நாற்பது பேர். அவர்களுக்கு வேறு பள்ளிக்கூடம் கிடையாது.

தாளை அறை அறையாகக் கொண்டுபோன பியூன் அக்கா திரும்பி வந்தார்.

“எல்லாரும் பாத்துட்டாங்க தம்பி.”

அவன் ஆவலாக வாங்கினான். கையெழுத்து ஒன்றையும் காணோம். தாள் முழுக்கச் சிவப்பு, பச்சை, பென்சில், தூரிகை. மேலே வட்டம் போட்டு: 18/100. கீழே ஒரு குறிப்பு: ‘தேர்ச்சிக்கு 35. முயற்சி போதாது.’

கூச்சத்தில் அதற்குமேல் பார்க்க முடியவில்லை. துளை போட்டு, கோப்பில் வைத்து, ஓரத்தில் ‘1’ என்று எண்ணிட்டான்.

செவ்வாய்க்கிழமை கணக்கு சாரைத் தாழ்வாரத்தில் மடக்கினான்.

“சார், கையெழுத்து...”

“கையெழுத்து கிடக்கட்டும், மார்க்கைப் பாரு. ‘நூறு சதவீத வருகையை இருபது சதவீதம் உயர்த்துவோம்’னு எழுதியிருக்கே. நாப்பது பேர்ல நாப்பதும் வந்தாச்சு. மேல எட்டுப் பேர் யாருப்பா, பேயா?”

தமிழம்மா பின்னாலிருந்து குரல் கொடுத்தார். “‘மேம்பாட்டை மேம்படுத்துவது’ன்னு வேற இருக்கு. ஒரு மேம்பாடு போதாதாடா கண்ணா?”

சுருக்கமாக எழுதினால் குற்றம் காண இடமிருக்காது என்று நினைத்து இரண்டு வரியில் புதுத் தாள் தயாரித்தான். பதினொன்று வந்தது. ‘விடை போதிய நீளம் இல்லை’ என்று அறிவியல் டீச்சர் பச்சையில் எழுதியிருந்தார். ஓவிய மாஸ்டர் காலியிடத்தில் ஒரு வாத்து வரைந்திருந்தார்.

புதன்கிழமை கூட்டம் கூட்டினான். முகத்துக்கு நேராகக் கேட்டால் மறுக்க மாட்டார்கள் அல்லவா? நான்கு பேரும் கடைசி பெஞ்சுக்கு அடித்துக்கொண்டார்கள். ஒழுங்குக்குக் கொண்டுவர வருகைப் பதிவு எடுத்துப் பார்த்தான். “உள்ளேன் ஐயா!” என்று ஓவிய மாஸ்டர் இரண்டு முறை சொன்னார், ஒன்று பக்கத்திலேயே இருந்த கணக்கு சாருக்காக.

“அவரவர் குறிக்கோளை அவரவரே எழுதுங்க,” என்று வெள்ளைத் தாள் கொடுத்தான்.

“தம்பி, இவர் என்னைப் பாத்துக் காப்பியடிக்கிறாரு!” என்றார் அறிவியல் டீச்சர்.

“நீங்க எழுதினதுல பாக்க என்னம்மா இருக்கு?” என்றார் கணக்கு சார்.

கூட்டம் சிரிப்பில் கலைந்தது. அவன் மேசையில் வைத்திருந்த மூன்றாம் தாள் மட்டும் திருத்தப்பட்டுக் கிடந்தது. இருபத்தாறு.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஆசிரியர்கள் அவனை வெளியே விடவில்லை. கணக்கு சார் கரும்பலகையில் சதவீதம் விளக்கினார். தமிழம்மா ஒரே வாக்கியத்தைப் பத்து முறை எழுத வைத்தார். அறிவியல் டீச்சர் பெட்டியிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்து, “சாப்பிட்டுட்டு எழுது,” என்றார். கேட்டது கையெழுத்து, கிடைத்தது டியூஷன். நான்காம் தாளுக்கு முப்பத்துநான்கு.

“ஒரே ஒரு மார்க் போடக் கூடாதாம்மா?”

“சும்மா போட்டா நல்லாயிருக்காது கண்ணா,” என்று தமிழம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வந்து நாற்காலியில் அமர்ந்தார். ஆசிரியர்கள் நால்வரும் சுவரோரம் நின்று கூரையைப் பார்த்தார்கள். அவன் கோப்பை நீட்டினான்.

“மேடம், கையெழுத்து வாங்க முடியல. தப்பு என்னோடதுதான். வகுப்பை மட்டும் மூடிடாதீங்க...”

அந்த அம்மாள் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு தாளாக முன்னும் பின்னும் புரட்டினார். “பதினெட்டு... பதினொண்ணு... இருபத்தாறு... முப்பத்துநாலு.” திடீரென்று சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கடைசித் தாளில் ‘+1 கருணை மதிப்பெண்’ என்று போட்டு, ‘வகுப்பு தொடரலாம்’ என எழுதிக் கையெழுத்திட்டுக் கிளம்பினார்.

ஆசிரியர்கள் கைதட்டினார்கள். அவன் ஒன்றும் விளங்காமல் நின்றான்.

“எதுக்குக்கா அப்படிச் சிரிச்சாங்க?”

தண்ணீர் டம்ளரை எடுக்க வந்த பியூன் அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“முதல் தாளைத் திருப்பியே பாக்கலையா தம்பி? முன்னாடி இடமில்லைன்னு திங்கக்கிழமையே நாலு பேரும் பின்பக்கம் கையெழுத்துப் போட்டுட்டாங்களே, ‘எங்கள் ஒரே குறிக்கோள், இந்தத் தம்பியை எப்படியாவது பாஸாக்குவது’ன்னு எழுதி!”

ஜூன் 13, வெள்ளி. நாளைய வேலை: கோப்பிலுள்ள எல்லாத் தாள்களின் பின்பக்கத்தையும் படிக்க வேண்டும்.