வெந்நீர்க்குழாய் மூலைப் போர்

வெல்க, வெல்க! மோன்ஷன்கிளாட்பாக் மாநகரத்துப் பேருந்தை முப்பத்துநான்கு ஆண்டுகள் மழையென்றும் பனியென்றும் பாராது செலுத்தி, ஒரு நிறுத்தமும் தவறவிடாத நெறியோனாய் ஓய்வு பெற்று, அறுபத்தெட்டாம் அகவையில் மென்விரிப்பின்மேல் மல்லாந்து கிடந்தும் மார்பு நிமிர்ந்தவனாய் விளங்கும் லோதார் பன்னன்பெக்கர் வெல்க! அவன் அணிந்த சாம்பல்நிறக் காற்சட்டை வெல்க! எப்போதோ வலுவிழந்தும் இன்னும் மானம் காக்கும் அதன் இடுப்பு நாடா நீடு வாழ்க!

அவன் பயின்ற கலையின் தோற்றமும் கேளுங்கள். இதே ஊரில் இழுப்பும் இளைப்புமாய் நோஞ்சான் பிள்ளையாகப் பிறந்த ஒருவன், தன் நோயையே பகையாகக் கொண்டு உடம்பை உருக்காக்கினான். முதல் உலகப்போரில் கடல்கடந்த தீவொன்றின் கைதி முகாமில் அடைபட்டபோது, எழமாட்டாத நோயாளிகளின் கட்டில்களில் சுருள்வில்லைப் பூட்டி, படுத்தபடியே இழுக்கச் சொன்னான் என்பர். கட்டுப்பாட்டுக் கலை என்று அவன் ஆசையாய் இட்ட பெயரை உலகம் ஒதுக்கிவிட்டு, அவன் குடும்பப் பெயரையே சூட்டிப் பிலாட்டீஸ் என்கிறது. பெயரில் என்ன இருக்கிறது? எழமுடியாதவனுக்கும் இடமுண்டு என்பதே அதன் உயிர்.

அவ்வாறே, செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு, உடற்பயிற்சிச் சங்கக் கூடத்தில் எல்லோரும் திரள்வர்: இடுப்பெலும்பு மாற்றியோர், முழங்கால் முனகுவோர், பிள்ளை பெற்று மூன்று மாதமானோர். எழுபத்தொன்பது வயது வால்ட்ராவுட் அம்மையார் தாம் பிடித்து நடக்கும் தள்ளுவண்டியை வாயிலில் நிறுத்திவிட்டு நாற்காலியில் அமர்ந்தபடியே ஆறு படைக்கலங்களையும் ஏந்துவார். அவையாவன மூச்சு, மனக்குவிப்பு, மையம், கட்டுப்பாடு, துல்லியம், ஓட்டம். ஆசிரியை ஸில்க்கே இவ்வாறையும் வாரந்தோறும் ஓதுவாள். ஐந்தாவதை வாரந்தோறும் மறந்து, நெற்றியைச் சொறிவாள்.

இப்படையில் நம் லோதாரின் புகழ் ஒன்றே ஒன்றால் நின்றது. மல்லாந்து கால்நீட்டிக் கிடந்து, கைகளை விண்ணோக்கி உயர்த்தி, முதுகெலும்பின் கண்ணிகளை ஒவ்வொன்றாய்த் தரையினின்று பெயர்த்து, சுருளவிழும் நாகமென எழும் அந்தப் பயிற்சியில் அவனுக்கு நிகர் அவனே. "எல்லாரும் லோதாரைப் பாருங்க!" என்று ஸில்க்கே கூவும் அந்த மூன்று சொல்லே அவன் முடி, குடை, கொற்றம் யாவும். வீட்டிலோ அவனை எவரும் அப்படிப் பார்ப்பதில்லை. அன்று காலையிலும் மனைவி குட்ரூன், "அலமாரியில துண்டு ஒண்ணு குறையுது. நீங்கதான் எங்கயோ போட்டுட்டு வந்திருப்பீங்க" என்றே வழியனுப்பினாள்.

அவ்வீரத்தின் மறைபொருளை இனி மறைப்பதற்கில்லை. கூடத்தின் சன்னலோர மூலையில், தரைக்கு ஒரு சாண் உயரத்தில் சுவரோடு ஓடுகிறது, குளிருக்குக் கூடத்தைச் சூடேற்றும் ஒரு வெந்நீர்க்குழாய். சுவர்நோக்கிக் காலை நீட்டும் ஒருவன் தன் பெருவிரல்களை அதனடியில் கொக்கிபோல் மாட்டினால், வயிறு செய்யவேண்டிய வேலையைக் குழாய் செய்துவிடும். கட்டிலில் வில்லைப் பூட்டியது வித்தையென்றால், குழாயில் விரலைப் பூட்டியது மட்டும் குற்றமோ? மூன்றாண்டுகளாக லோதார் இவ்வாறு தன் மனச்சான்றை ஆற்றிவந்தான்.

அன்று பத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கையில் கூடம் புகுந்தவன் கண்டது என்ன? அந்தோ! அவன் மூலையில், அவன் குழாயருகில், இஸ்திரி போட்டதுபோல் மடிப்புக் கலையாது கிடந்தது ஒரு நீலத் துண்டு!

துண்டின் சட்டத்தை இந்நாட்டார்க்கு எவரும் கற்பிக்க வேண்டா. கடற்கரைச் சாய்நாற்காலியோ, குளக்கரைப் புல்தரையோ, துண்டு விழுந்த இடம் துண்டுக்கு உரியவரின் இடம். அரசியல் சாசனத்தைத் திருத்தினாலும் திருத்தலாம், பிறர் துண்டை நகர்த்தலாகாது. ஆகவே, அதனை எட்டி உதைக்கத் துடித்த காலை அடக்கிக்கொண்டு, கூடத்தின் நடுவில் நின்று முழங்கினான் லோதார்:

"இந்தத் துண்டு யாருது? மூணு வருஷமா அது என் இடம்னு ஊருக்கே தெரியும்! போட்டவங்க தைரியமா முன்னால வரட்டும்!"

எவரும் வரவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தது ஒரு குரல்.

"ஏம்ப்பா லோதார், துண்டைப் பார்த்தா இப்படிக் கத்துற? இது என்ன, பஸ்ஸுல டிரைவர் சீட்டா?" என்றார் வால்ட்ராவுட். "நடுவுல வந்து படு. நாங்களும் உன் வித்தையைக் கிட்ட இருந்து பார்க்கிறோம்."

பற்றிப்பிடிக்க ஒரு துரும்புமற்ற அந்த நடுத்தரையில், முற்றுகையிடப்பட்ட கோட்டையெனத் தன் விரிப்பை விரித்தான் லோதார். சுற்றிலும் பதினான்கு கண்கள். மூச்சை இழு என்றாள் ஸில்க்கே, இழுத்தான். விடும்போது எழு என்றாள். விட்டால் வயிறு தெரியுமே என்று விடாமல் அடக்கினான். தலை எழுந்தது, தோள் எழுந்தது, அதன்பின் எழுந்தவை கால்கள்! அச்சு முறிந்த தேர்போல் அவன் நடுங்கினான், காற்றைத் துழாவினான், முகம் செந்நிறம் பூத்துச் செம்முட்டைக்கோசாயிற்று, பின் மண்சரிவெனத் தொப்பென்று வீழ்ந்தான். மறுமுறையும் அவ்வண்ணமே. மூன்றாம் முறை காற்சட்டை நாடாவும் உதவிக்கு வர மறுத்தது.

"எல்லாரும் லோதாரைப் பாருங்க" என்று சொல்ல ஸில்க்கே வாயெடுத்து, வேறெங்கோ பார்த்தாள். கூரையை வெறித்துக் கிடந்தான் வீரன். இனி இவ்வாயில் மிதியேன், ஊரே மாறிவிடுவேன் என்று உள்ளுக்குள் சூளுரைத்தான்.

"குழாய் இல்லாம கஷ்டம்தான்" என்றார் வால்ட்ராவுட், வானிலையைச் சொல்வதுபோல.

"எந்தக் குழாய்?"

"அட போப்பா! மூணு வருஷமா நீ எழுந்திருக்கிறப்ப எல்லாம் அது கிறீச்சுனு கத்துது. எங்களுக்கு இடுப்புதான் போச்சு, காது நல்லாத்தான் இருக்கு."

கூடம் அதிரச் சிரித்தது. ஆனால் அது அம்புமழையாக இல்லை. அப்பம் பங்கிடும் வீட்டுச் சிரிப்பாக இருந்தது. ஸில்க்கே அருகே மண்டியிட்டு, "முழங்காலை மடக்குங்க லோதார். தொடைக்குப் பின்னால கையால பிடிச்சுக்குங்க. மூச்சை விடுங்க, யாரும் உங்க வயித்தைப் பார்க்கலை" என்றாள்.

மடக்கினான். பிடித்தான். மூன்றாண்டு காத்துவைத்த மூச்சையெல்லாம் ஒருசேர விட்டான். என்ன விந்தை! கண்ணி ஒன்று பெயர்ந்தது; மற்றொன்று பெயர்ந்தது; குழாயின் துணையின்றி, கோணலாய், முனகலோடு, ஆயினும் தன் வயிற்றாலேயே எழுந்து உட்கார்ந்தான் லோதார் பன்னன்பெக்கர்! வால்ட்ராவுட் தம் நாற்காலிக் கையைத் தட்ட, பிறரும் தரையைத் தட்ட, வெற்றிமுரசம் முழங்கியது அக்கூடமெங்கும். தன்னைத் தானே வென்றவனுக்கு மூலை எதற்கு? வகுப்பு முடிந்ததும், பெருந்தன்மை ததும்பக் கையுயர்த்தி அறிவித்தான்:

"துண்டு போட்டவங்க யாரா இருந்தாலும் நான் மன்னிச்சுட்டேன்! இனிமே அந்த மூலை அவங்களுக்கே!"

விளக்குமாறோடு கதவருகில் நின்ற சங்கக் காவலாள் டெட்லெஃப், அந்த நீலத் துண்டை எடுத்துவந்து அவன் கையில் வைத்தார்.

"போன செவ்வாய்க்கிழமை நீங்கதானே விட்டுட்டுப் போனீங்க? மூலையில உங்க பேரு தைச்சிருக்கு. துவைச்சு உங்க இடத்துலயே போட்டு வெச்சேன்."

லோதார் அன்று கொண்டுவந்த துண்டையும் அந்த நீலத் துண்டையும் பையில் போட்டுக்கொண்டு பதினொன்றரை மணி பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்.