ஏரிக்கரை வளைவில் ஒரு தாம்பாளம் தண்ணீர்

சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பாத மனிதர் பூமியில் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் பாகூர் கடைத்தெருவில், என் போட்டோ ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். பெயர் வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் ‘டெஸ்ட்டு அக்கா’.

குடை வாங்கினால் குழாயடியில் விரித்துப் பிடித்து நின்று பார்ப்பார். கொசுவத்திச் சுருள் வாங்கினால், கொளுத்திய அறையில் முழங்கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மழை வரும் என்று டிவியில் சொன்னால், வாசலில் அண்டாவை வைத்துவிட்டு டிவியையும் அண்டாவையும் மாறி மாறிப் பார்ப்பார்.

அவர் கடையில் ஒரு பழைய கார் உண்டு. கல்யாணச் சீர்ப் பாத்திரங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்க அதுதான். ஓட்டியவள் செல்வி. கடைத்தெருவில் கார் ஓட்டிச் சம்பாதித்த முதல் பெண் அவள்தான். ஆகவே அவள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போதுகூட டீக்கடையில் நாலு பேர் எழுந்து நின்று பார்ப்பார்கள்.

அந்தக் கார் திடீரென்று ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. காலையில் கிருமாம்பாக்கம் பக்கம் ஒழுங்காகப் போகும். திரும்பி வரும்போது ஏரிக்கரை வளைவில் பொசுக்கென்று அணைந்துவிடும். கொஞ்ச நேரம் விட்டுச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். ஒருநாள் பின்னால் வந்த டவுன் பஸ் இடிக்காமல் நின்றது அந்த டிரைவரின் சாமர்த்தியம்.

டீக்கடை உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டது: பெண்பிள்ளைக்குக் கிளட்ச் பிடிக்கத் தெரியவில்லை. அக்காவின் தம்பி அதைக் கடைக்குள் கொண்டுவந்தார். வேறு டிரைவரைப் பேசி வைத்துவிட்டதாகவும் சொன்னார். செல்வி சாவியை மேசைமேல் வைத்தாள்.

“எனக்கே எம்மேல சந்தேகம் வந்துடுச்சுக்கா,” என்றாள்.

அக்கா சாவியை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தார். “டெஸ்ட்டு பண்ணாம நான் யாரையும் அனுப்ப மாட்டேன். நீ ஓட்டுப்பா. சாயங்காலம் வர்றப்ப இன்னா ஆவுதுன்னு பாப்போம்.”

சாட்சிக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார். பின்சீட்டில், மாதிரி காட்ட வைத்திருந்த குத்துவிளக்குகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். திரும்பி வரும் வழியில் தம்பி ராஜா மாதிரிதான் ஓட்டினார். ஏரிக்கரை வலதுபக்கம் வளைந்தது. ராஜா வளைத்தார். கார் அணைந்தது.

தம்பி சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, குத்துவிளக்கைப் பார்த்துக்கொண்டேன். அக்கா மட்டும் யோசித்தார். இதே வளைவு காலையில் போகும்போது இடதுபக்கம் திரும்புகிறது, அப்போது நிற்பதில்லை. அப்படியானால் வலதுபக்கத்தில்தான் ஏதோ இருக்கிறது.

மறுநாள் திரும்பி வரும்போது அக்கா மடியில் ஒரு தாம்பாளத்தோடு முன்சீட்டில் ஏறினார். அதில் அடி நனையும் அளவுக்குத் தண்ணீர். அதே வளைவு, அதே தம்பி, பின்சீட்டில் அதே நான். கார் வலதுபக்கம் திரும்ப, தண்ணீர் முழுக்க இடதுபக்கம் ஓடி அவர் புடவையை நனைத்தது. கார் அணைந்தது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“தம்பி, பாரு. தண்ணியெல்லாம் இந்தப் பக்கம் வந்துட்டுது. அந்தப் பக்கம் காஞ்சி கெடக்குது.”

நேராக மெக்கானிக்கிடம் போய், டேங்கில் பெட்ரோலை உறிஞ்சும் குழாய் எந்தப் பக்கம் என்று கேட்டார். இந்த வண்டியில் வலது ஓரம் என்றார் அவர். பெட்ரோல் குறைவாக இருக்கும்போது வலதுபக்கம் திரும்பினால், இருப்பதெல்லாம் இடதுபக்கம் ஓடிவிடும். குழாய் வெறும் காற்றைத்தான் இழுக்கும். நிறைய இருந்தால் எப்படிச் சாய்ந்தாலும் குழாய் மூழ்கியேதான் இருக்கும் என்று அவரே விளக்கினார். பிறகு கேட்டார், இவ்வளவு குறைவாகப் பெட்ரோல் போடச் சொன்னது யார் என்று.

அக்கா கையிலிருந்த தாம்பாளத்தைப் பார்த்தார். எனக்குத் தெரியும், சொன்னது அவரேதான். கோடையில் ஒரு மூடியில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி வெயிலில் வைத்தார். மத்தியானம் பார்த்தால் மூடி காலி. அன்றைக்கே உத்தரவு போட்டார்: டேங்கில் நிறைய விட்டால் ஆவியாகிப்போகும், போய்வரத் தேவையானதை மட்டும் போடு. செல்வி அதை ஒருநாளும் மீறவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே டேங்கை நிரப்பிவிட்டு, வண்டி சரியாகிவிட்டது என்று சொல்லி விஷயத்தை முடித்திருப்பார்கள். அக்கா டேங்கை நிரப்பினார், செல்வியை ஓட்டச் சொன்னார். அந்த வளைவில் போகவும் வரவுமாக, ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் தூண்டிலை மறந்து பார்க்கும்வரை சுற்றினார்கள். கார் ஒருமுறைகூட இருமவில்லை.

அப்புறம் டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, நனைந்து காய்ந்த அதே புடவையோடு இறங்கினார்.

“வண்டி நின்னதுக்கு செல்வி காரணமில்ல. நான் போட்ட உத்தரவுதான் காரணம். சந்தேகம் இருக்கறவங்க ஏறுங்க, காட்டறேன்.”

ஒருவரும் ஏறவில்லை. டீ மாஸ்டர் மட்டும் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அக்காவிடம் நீட்டினார். அவர் அதை வாங்கி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த செல்வியிடம் கொடுத்தார். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு குடித்தாள். தம்பி அன்றே புது டிரைவருக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

தன் மேலேயே சோதனை நடத்தி, தோற்றதைத் தெருவுக்கே கூப்பிட்டுச் சொன்ன இன்னொருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. என் ஸ்டூடியோவுக்கு யார் வழி கேட்டாலும், “அக்கா கடைக்கு அடுத்த கடை” என்றுதான் சொல்கிறேன். சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் நிற்கிறேன்.