பவளம் சாகவில்லை, மச்சான்

ஈசூன், சிங்கப்பூர்
20-2-1989

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய மச்சான் இயேசுதாசன் அவர்களுக்கு, உங்கள் தங்கை பிரிஜட்டின் புருஷன் லாசரஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம். முழங்கால் வலி மட்டும் போவேனா என்கிறது. ஹாம்பர்க் குளிரில் நீங்களும் உங்கள் கப்பல் இஞ்சினும் நல்லபடியாக இருக்க வேண்டுமென்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் உங்கள் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டோம்.

நிற்க. உங்கள் தந்தி வந்தது. "பவளம் செத்ததா, உண்மை சொல்" என்று நாலே வார்த்தை. என்னை எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் கப்பல் கம்பெனி முழுகிப் போயிருக்காது, பரவாயில்லை. உங்கள் மகள் உர்சுலா எழுதிய கடிதத்தைப் படித்துத்தான் பதறியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. மாமா வீட்டில் தீயணைப்பு மருந்து வெடித்தது, மாமா சாராயம் காய்ச்சுவதாகச் சொல்லி அதிகாரிகள் வந்தார்கள் என்றெல்லாம் எழுதினாளாம். பிள்ளை பொய் சொல்லவில்லை. ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறாள். மீதியை நான் சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

போன வருஷம் நீங்கள் இரண்டு வருஷ காண்ட்ராக்டில் கிளம்பும்போது, உங்கள் நாலடிக் கண்ணாடித் தொட்டியையும் அதிலிருந்த உயிர்ப் பவளங்களையும் மீன்களையும் என் ஹாலில் இறக்கி வைத்துவிட்டு, விருந்துக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "லாசரஸ், உன் ஆயுசுல நீ செஞ்ச ஒரே புத்திசாலித்தனமான காரியம் என் தங்கச்சியக் கட்டினதுதான். இதையாச்சும் சாகடிக்காம வெச்சிருலா." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் பிரியாணியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் பைப் ஃபிட்டராக இருந்தவன் நான். என் கை பட்ட குழாய் ஒன்றாவது ஒழுகியது உண்டா? அன்றைக்கே மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டேன்: நீங்கள் திரும்பி வந்து பார்க்கும்போது ஒரு பவளம்கூடக் குறையக் கூடாது, நீங்களே உங்கள் வாயால் "கெட்டிக்காரன்" என்று சொல்ல வேண்டும். இதுதான் விஷயம், வேறொன்றும் இல்லை.

ஆறு மாதம் நன்றாகத்தான் இருந்தது. ஆகஸ்டில் அந்த மான்கொம்பு மாதிரி இருக்கிற பவளம் வெளுக்க ஆரம்பித்தது. வளர்ச்சியும் நின்றுவிட்டது. உங்களுக்கு எழுதினேன், நீங்கள் ஜெர்மன் பத்திரிகையிலிருந்து ஒரு படத்தை வெட்டி அனுப்பினீர்கள். பாஷை புரியாவிட்டாலும் குழாய் எனக்குப் புரிந்தது. பவளம் தன் எலும்பைத் தானே கட்டிக்கொள்கிற ஜீவன், அதற்குத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து வேண்டும், கடலில் அது தீராது, நாலடித் தொட்டியில் தீர்ந்துபோகும். அதனால் ஒரு குழாய்க்குள் செத்த பவளத்தை நொறுக்கிப் போட்டு, சோடாவில் இருக்குமே அந்தக் கரியமில வாயுவை உள்ளே விட்டால், தண்ணீர் புளிப்பேறி, செத்ததைக் கரைத்து, உயிரோடு இருப்பதற்குச் சொட்டுச் சொட்டாக ஊட்டும். என்ன மூளை பாருங்கள் அந்த ஜெர்மன்காரனுக்கு! இதை பிரிஜட்டுக்கு அரை மணி நேரம் விளக்கினேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டவள், "சுண்ணாம்புதானேங்க வேணும்? என் டப்பாவுல இருக்கே" என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எதிர்வீட்டு கோவிந்தசாமியைக் கூப்பிட்டு அவனிடமும் சொல்லிச் சிரித்தேன்.

இந்த மெஷினை வரவழைத்துத் தர முடியுமா என்று மீன் கடையில் கேட்டேன். அவர்கள் சொன்ன விலைக்கு ஒரு பழைய மோட்டார்சைக்கிளே வாங்கலாம். ஆகவே நானே செய்தேன். நாலு அங்குல பி.வி.சி. குழாய் ஒரு வீட்டு ரிப்பேரில் மிஞ்சிக் கிடந்தது. பம்பு, சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் கிடைத்த வாஷிங் மெஷின் பம்பு. வாயு எவ்வளவு போகிறது என்று குமிழி எண்ணிப் பார்க்க வேண்டுமே, அதற்கு உர்சுலா தன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு காலாவதியான ட்ரிப் குழாய் கொடுத்தாள். மூடி மட்டும் அமையவில்லை. சிராங்கூன் ரோட்டில் முறுக்கு விற்கிற பெரிய பிளாஸ்டிக் போத்தலின் சிவப்பு மூடியைப் போட்டேன், அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. அதற்காக முறுக்கு முழுவதையும் நானும் கோவிந்தசாமியும் இரண்டே நாளில் தின்று தீர்க்க வேண்டியதாயிற்று.

வாயுவுக்கு என்ன செய்வது? அதே சுங்கை ரோட்டில் ஒரு தீயணைப்பு சிலிண்டர் கிடைத்தது. லேபிள் உரிந்திருந்தது, மேலே புதுப் பெயின்ட். "வாயுவா, பவுடரா?" என்று கேட்டேன். கடைக்காரன், "வாயுதான் அங்கிள், ஷ்யூர்லா" என்றான். நானும் கையில் தூக்கிப் பார்த்து, வாயுதான் என்று எடை போட்டேன், முப்பத்தொரு வருஷ அனுபவம் அல்லவா. அது அக்டோபர் மாதம். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் வீடு வீடாக ஜெபமாலை சொல்கிற முறை, அன்று எங்கள் வீடு. ஹாலில் இருபது பேர் முழங்காலில் இருக்கிறார்கள், ஃபாதரும் வந்திருக்கிறார், மாதா சுரூபத்துக்கு முன் மெழுகுவர்த்தி எரிகிறது. மூன்றாம் தேவரகசியம் முடிகிற நேரம், நான் சமையலறையில் ஓசைப்படாமல் அந்த வால்வை ஒரு நூலளவு திறந்தேன். மச்சான், அது பவுடர். அடுத்த நிமிஷம் எனக்கு என் கையே தெரியவில்லை. ஹாலில் இருமல், அலறல், யாரோ "தீ, தீ" என்று கத்த, ரோசம்மா அக்கா ஜெபமாலையோடு பதினோராம் மாடியிலிருந்து கீழே தரைக்கே போய்விட்டார். புகை அடங்கினபோது மாதா, ஃபாதர், பிரிஜட், சோபா எல்லாம் ஒரே வெள்ளை. ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "லாசரஸ், மிச்ச ஜெபத்தையும் சொல்லி முடிப்போமா?" என்று மட்டும் கேட்டார். தங்கமான மனிதர். தொட்டிமேல் போர்வை போட்டிருந்தேன், உங்கள் பவளத்துக்கு ஒரு துளி பவுடர் படவில்லை. இதை உர்சுலா எழுதினாளா?

பிறகு வேறு வழி பிடித்தேன். சீனியையும் ஈஸ்டையும் தண்ணீரில் கலந்து மூடி வைத்தால் புளித்து அதே வாயு வரும் என்று ரேடியோ ரிப்பேர் செய்யும் சவரிராஜ் சொன்னான். நாலு பெரிய போத்தல்களில் கலந்து வராந்தாவில் வரிசையாக வைத்தேன். வாயு வந்தது, ஆனால் கூடவே வாசனையும் வந்தது. மூன்றாம் நாள் கோவிந்தசாமி கையில் காலி கிளாஸோடு வந்து, "அண்ணே, ரெண்டு நாளா மூக்கப் பிடிச்சிக்கிட்டு இருக்கேன், முடியல. ஒரு வாய் ஊத்துங்கலா" என்றான். இது மீனுக்கு என்றேன். "மீனுக்கு ஊத்துவீங்க, எனக்கு ஊத்த மாட்டீங்களா?" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டான். ஐந்தாம் நாள் யாரோ புகார் கொடுத்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். நான் பயப்படவில்லை. தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்து, படத்தைக் காட்டி, ஒரு மணி நேரம் விளக்கினேன். கடைசியில் பெரியவர், தன் வீட்டுத் தங்கமீன் ஏன் சாய்ந்து நீந்துகிறது என்று என்னிடமே யோசனை கேட்டார். போகும்போது போத்தல்களை மட்டும் கொட்டச் சொன்னார். இதையும் உர்சுலா எழுதியிருக்க மாட்டாள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். டிசம்பர் தொடக்கத்தில் மான்கொம்பில் பாதி வெளுத்து நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிரிஜட்தான், "அண்ணன் என்ன உங்களை முழுங்கிடவா போறாரு?" என்று சத்தம் போட்டுச் சோறு போட்டாள்.

ஆண்டவர் கைவிடவில்லை. குளிர்பானக் கடையை மூடுகிற என் பழைய பட்டறைத் தோழன் அப்துல் கஃபார், சோடா மெஷினில் இருந்த நிஜமான வாயு சிலிண்டரையும் அதன் வால்வையும் சும்மாவே கொடுத்துவிட்டார். கிறிஸ்துமஸ் அன்று காலை பூசை முடிந்து வந்து வால்வைத் திறந்தேன். ட்ரிப் குழாயில் முதல் குமிழி வந்தது பாருங்கள், உர்சுலா பிறந்தபோதுகூட நான் அப்படிச் சந்தோஷப்படவில்லை, கோவிக்காதீர்கள். மறுநாள் மீன்கள் மட்டும் மேலே வந்து வாயைப் பிளந்தன, அதற்கடுத்த நாளே சரியாகிவிட்டது, மெஷினுக்குப் பழகிக்கொண்டன. அன்றிலிருந்து இன்றுவரை தினமும் காலை நடை போய் வந்ததும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிமிஷத்துக்கு எத்தனை குமிழி என்று எண்ணி நோட்டில் எழுதுகிறேன். ஒரு நாள் தவறவில்லை. பட்டறையில் ரிட்டையர் ஆனபோது கொடுத்த வெர்னியர் அளவுகோலை நேற்று வைத்துப் பார்த்தேன். மான்கொம்பு ஒவ்வொரு நுனியிலும் ஐந்து மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறது! வெளுத்த இடத்தில் ஊதா நிறம் திரும்பிவிட்டது. தொட்டிக் கண்ணாடியில்கூட இளஞ்சிவப்பாகச் சுண்ணாம்புப் பாசி படிகிறது. சத்து அவ்வளவு மிஞ்சுகிறது! கோவிந்தசாமி கோபத்தை மறந்து, வருகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து காட்டுகிறான்.

ஆகவே மச்சான், பவளம் சாகவில்லை. பாஷை தெரியாத படத்தைப் பார்த்து, முறுக்கு மூடியை வைத்து, ஒரு பைப் ஃபிட்டர் காப்பாற்றினான். இதை உங்கள் கப்பலில் நாலு பேரிடம் சொல்லுங்கள். வேறு ஒரே ஒரு குறை: பிரிஜட் இப்போது வெற்றிலை அதிகமாகப் போடுகிறாள் போலிருக்கிறது. சுண்ணாம்பு டப்பா வாரத்துக்கு ஒன்று காலியாகிறது. பல் என்னத்துக்கு ஆகும்? நான் சொன்னால் சிரிக்கிறாள். ஈஸ்டருக்கு லீவில் வரும்போது அண்ணன் என்ற முறையில் நீங்கள்தான் கண்டிக்க வேண்டும்.

மாதா துணையிருந்து உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஃபாதரும் கோவிந்தசாமியும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்து,
லா. லாசரஸ்

பி.கு.: வழக்கப்படி ஒட்டுவதற்கு முன்னால் கடிதத்தை பிரிஜட்டிடம் கொடுத்தேன், அண்ணனுக்கு இரண்டு வரி எழுத. வாயில் வெற்றிலையோடு படித்தவள் டப்பா விஷயம் வந்த இடத்தில் சிரித்துப் புரையேறி, "ஏங்க, இதை அனுப்பாதீங்க, அப்புறம் எனக்குப் பாவம்" என்றாள். என்னடி என்றேன். "அந்தக் குழாயோட அடுத்த முனை எங்க இருக்குன்னு எப்பவாச்சும் பார்த்தீங்களா?" என்றாள். அலமாரியை நகர்த்திப் பார்த்தேன். ட்ரிப் குழாயிலிருந்து மெஷினுக்குப் போக வேண்டிய குழாய் சுவரோரமாகச் சும்மா தொங்குகிறது. மெஷினில் அது நுழைகிற ஓட்டையில் மெழுகுவர்த்தித் துண்டு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நான் வெளியே போயிருந்தபோது மீன்கள் மூச்சுக்குத் தவித்தனவாம், இவள் பயந்து பிடுங்கிவிட்டாளாம். இரண்டு மாதமாக நான் எண்ணி எழுதியதெல்லாம் சுவருக்குப் போன வாயு. பவளம் எப்படியடி வளர்ந்தது என்றேன். வெற்றிலைச் சுண்ணாம்பை ஜாம் போத்தலில் தண்ணீர் விட்டுக் கலக்கி, ராத்திரி முழுக்கத் தெளிய வைத்து, நான் காலையில் நடை போகிற நேரத்தில் மேல்தண்ணீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியில் விட்டிருக்கிறாள். "நீங்க குமிழி எண்றப்போ உங்க மூஞ்சியப் பார்த்தா சொல்ல மனசு வரல" என்றாள்.

அலமாரியைப் பழையபடி நகர்த்தி வைத்தேன். பிறகு, எத்தனை ஸ்பூன் போடுகிறாய் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். மேலே உள்ளதைக் கிழிக்க மனமில்லை, கையெழுத்து நன்றாக வந்திருக்கிறது. விருந்தில் நீங்கள் சொன்னது சரிதான் மச்சான், நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான். ஆனால் அதைச் செய்தவன் நான்தானே? ஈஸ்டருக்கு வந்ததும் "கெட்டிக்காரன்" என்று சொல்லிவிடுங்கள்.