சர்வர் ஞானி

காரணஞ்சொல்லி என்றொரு இனம் இருப்பது உங்களுக்குத் தெரியும். எது நின்றாலும், எது எரிந்தாலும், எது காணாமல் போனாலும், எட்டிக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்த நாற்காலியிலிருந்தே காரணத்தைச் சொல்லிவிடும் இனம். அதில் முதல் தரமான ஒருவர், ஒரு பெரிய மருத்துவமனையின் சர்வர் அறைக்குத் தலைவராக இருந்தார். சர்வர் பற்றிய ஞானமெல்லாம் தம்மோடு பிறந்தது என்று அவர் நினைத்ததால், மற்றவர்கள் ‘சர்வர் ஞானி’யின் நடுவில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டு அவரைச் ‘சர்வஞானி’ என்றார்கள். அவர் அதைப் பாராட்டென்றே எடுத்துக்கொண்டார்.

வீட்டிலும் அப்படித்தான். மிக்ஸி ஓடவில்லை என்றால், “வோல்டேஜ் கம்மி” என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வரும். மனைவி போய் சுவிட்சைப் போடுவார்.

லினக்ஸில் ஓடும் சர்வர் கம்ப்யூட்டர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. யார் உள்ளே வந்தார், எந்த வேலை எப்போது நின்றது, ஏன் நின்றது, அது வெறும் தகவலா, எச்சரிக்கையா, தலைபோகிற அவசரமா என்று நொடிக்கணக்கோடு ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். அதுதான் லாக். கேட்டால் உடனே சொல்லும். ஆனால் கேட்க வேண்டுமே! கேட்டுவிட்டால் ஞானம் என்னாவது?

ஒரு வியாழக்கிழமை காலை, ரத்தப் பரிசோதனை முடிவுகளெல்லாம் இருந்த சர்வர் நின்றுபோனது. அறுவை சிகிச்சை அறையில் ஒரு பெண் மேஜைமேல் படுத்திருக்கிறார். ரத்த முடிவைப் பார்க்காமல் ஊசியைத் தொடமாட்டேன் என்கிறார் மயக்க மருந்து டாக்டர். வெளியே அந்தப் பெண்ணின் கணவர் யாரைக் கேட்பது என்று தெரியாமல் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

“நெட்வொர்க்தான்” என்றார் சர்வஞானி, செய்தியைப் பாதி கேட்டதுமே.

நெட்வொர்க்காரர் ஏணியோடு ஓடிவந்தார். கூரைப் பலகையைக் கழற்றி, கேபிளை மாற்றி, தலையெல்லாம் தூசியோடு இறங்கினார். சர்வர் எழவில்லை.

“அப்ப கரண்டு.”

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். “கரண்டு நல்லாத்தான் இருக்கு சார்.”

“நல்லா இருக்கிற மாதிரி காட்டும். அதான் அதோட சூது.”

நாற்பது நிமிடம் போயிற்று. டாக்டர் நாலாவது முறையாகப் போனில் கத்தினார். வேறு கிளையிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வாரமே ஆகியிருந்த பொறியாளர் அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“சார், லாக் பாத்தீங்களா?”

“எதுக்கும்மா? இருபது வருஷமா இந்த ரூம்ல இருக்கேன். ஃபேன் சத்தத்துலயே சொல்லிடுவேன்.”

“ஒரே ஒரு தடவை பாத்துடறேனே.”

“பாருங்க. நெட்வொர்க்னுதான் போட்டிருக்கும்.”

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. திரையில் ஒரே வரி ஆயிரக்கணக்கில் ஓடியது: எழுத இடமில்லை, எழுத இடமில்லை. டிஸ்க் நிரம்பி வழிந்திருந்தது. நிரப்பியது எது? அந்த லாக்கேதான். ஒன்று விடாமல் எழுது என்று செவ்வாய்க்கிழமை மாலை யாரோ அதை உச்ச அளவுக்குத் திருப்பி விட்டிருந்தார்கள். யார் என்பதையும் அது எழுதி வைத்திருந்தது. பொறியாளர் அம்மா அந்தப் பெயரை வாய்விட்டுப் படிக்கவில்லை. திரையை மட்டும் மெல்ல சர்வஞானி பக்கம் திருப்பினார்.

சர்வஞானிக்குக் காது மடல் சுட்டது. நெட்வொர்க்காரரைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமென்று அவரேதான் லாக்கை அப்படித் திருப்பி விட்டிருந்தார். பிடிபட்டாரா என்று திறந்து பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? குற்றவாளி யாரென்றுதான் முன்பே தெரியுமே!

அம்மா லாக்கை வேறிடத்துக்கு நகர்த்தி, அளவைக் குறைத்து, சர்வரைக் கிளப்பினார். ரத்த முடிவு போய்ச் சேர்ந்தது. மதியத்துக்குள் அந்தப் பெண் நல்லபடியாகக் கண் விழித்தார். கணவர் நன்றி சொல்ல வந்தது தூசித் தலையோடு நின்ற நெட்வொர்க்காரரிடம்.

மாலையில் சர்வஞானி அறிக்கை எழுதினார்: ‘காரணம்: அளவுக்கு மீறிய செய்திகள். அவற்றுள் பெரும்பாலானவை நெட்வொர்க்கைப் பற்றியவை.’

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் பாதி படிக்கும்போதே உங்கள் ஆபீஸ் ஆள் ஒருவரின் முகம் வந்து நிற்க, ‘இது சாட்சாத் அவரேதான்’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள் அல்லவா? எந்த லாக்கைப் பார்த்தீர்கள்?