ஓர் அடிகூடப் பின்வாங்காத தளபதி

ஒரு காட்டில், மரங்களைவிட அறிவிப்புப் பலகைகள் அதிகம் முளைத்திருந்த ஒரு காட்டில், நிதானன் என்றொரு ஆமை இருந்தது. வயது நூற்றுப் பதினொன்று. கோடையில் அந்தக் காட்டுக்கு ஒரே ஒரு குளம்தான். தண்ணீர் குடிக்க டோக்கன் வாங்கி வரிசையில் நிற்க வேண்டும். காட்டெருமை இடிமுழங்கியின் வாரிசுகளுக்கு மட்டும் டோக்கன் கிடையாது. நேராக வருவார்கள், குடிப்பார்கள், குளிப்பார்கள், புரள்வார்கள். ஆமையின் முறை வரும்போது சேறுதான் மிஞ்சும். இரண்டு கோடையைச் சேறு குடித்தே கழித்தாயிற்று. மூன்றாவது கோடையில் உயிர் தங்காது என்று அதற்கே தெரிந்திருந்தது.

யார் இந்த இடிமுழங்கி? எண்பது வருடத்துக்கு முன்பு செந்நாய்ப் படை வந்தபோது, கணவாயில் தனியாக நின்று, மூன்று நாள் ஓர் அடிகூடப் பின்வாங்காமல் மறித்த மாவீரர். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. குளக்கரையில் சிலையும் உண்டு. புலவர்கள் பாடியதைக் கேட்டால் சிலைக்கே கூச்சம் வந்துவிடும்.

அன்று அந்தக் கணவாயில் இருந்த ஒரே சாட்சி நம் ஆமைதான். எல்லோரோடும் சேர்ந்துதான் அதுவும் ஓட ஆரம்பித்தது, கணவாயைத் தாண்டத்தான் முடியவில்லை. அது பார்த்த கதை வேறு. தளபதி தலைதெறிக்க ஓடி வந்தார். வழியில் பலாப்பழ வாசனை. நின்றார், எட்டிக் கடித்தார், கொம்பு இரண்டும் மரக்கவையில் மாட்டிக்கொண்டன. மூன்று நாளும் அவர் பின்வாங்கத்தான் படாதபாடு பட்டார். செந்நாய்கள் பார்த்தது அவருடைய பின்பக்கத்தை மட்டுமே. அது பயத்தில் எல்லாத் திசையிலும் உதைத்தது. உதை வாங்கிச் சலித்துப்போய் அவை ஊருக்குத் திரும்பிவிட்டன.

தாகம் முற்றியதும் ஆமை வரலாற்றுத் திருத்தப் பிரிவுக்குக் கிளம்பியது. நான்காம் நாள் போய்ச் சேர்ந்தது. அங்கே எழுத்தர் கோப்பழகி என்ற மந்தி.

"என்ன பெரியவரே?"

"தளபதி ஓடினாரும்மா. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"நீங்க அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"நானும் ஓடிட்டிருந்தேன். ஆனா எனக்குச் சிலை வைக்கலயே!"

மந்தி படிவம் ஏழை நீட்டியது. "மூணு நகல். 'பின்வாங்கினாரா?'ன்னு கேட்டிருக்கும். ஆம், இல்லை, ஏதாவது ஒண்ணுல டிக் போடுங்க."

"பின்வாங்கப் பாத்தாரு, முடியல."

"அதுக்குக் கட்டம் இல்லையே. சர்வர் ஏத்துக்காது."

அதற்குள் விஷயம் தெரிந்து தளபதியின் பேரன் மூச்சிரைக்க வந்து நின்றான். "எங்க தாத்தா மனசு புண்படுது!"

"உங்க தாத்தா போய்ச் சேந்து அறுபது வருஷமாச்சேப்பா."

"அப்ப எங்க மனசு புண்படுது!"

ஆனாலும் ஆமை விடவில்லை. அதிகாரிகளைப் பலாமரத்துக்கு அழைத்துப் போனது. கவையில் உடைந்த கொம்பு நுனி இன்னும் செருகிக்கொண்டிருந்தது. இதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? பாடம் திருத்தப்பட்டது. சிலைமேல் சாக்கைப் போட்டு மூடினார்கள். காட்டெருமைகளும் வரிசைக்கு வந்தன. அன்று ஆமை தெளிந்த தண்ணீர் குடித்தது. சந்தோஷத்தில் அதற்கு அழுகையே வந்துவிட்டது.

திருத்திய பாடம் எல்லோருடைய கைபேசிக்கும் போனது. செந்நாய்களுக்கும் போனது.

"அடச்சே, எண்பது வருஷமா நாம பயந்தது மாட்டிக்கிட்ட ஒரு மாட்டோட பின்பக்கத்துக்கா?" என்று செந்நாய்த் தலைவன் கத்தினான். மறுவாரமே படை புறப்பட்டது.

காடு காலியானது. ஆமையும் ஓடியது. கணவாய் வரைக்கும் வந்தது, அதற்குள் படை நெருங்கிவிட்டது. தலை, வால், நான்கு கால், எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது. குலதெய்வத்தின் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. முதலில் வந்த தலைவன் ஒரே கடி கடித்தான். முன்பல் நான்கு போயின. அவன் போட்ட அலறலைக் கேட்ட பின்வரிசைக்கு முன்னே நடப்பது தெரியவில்லை. "இந்தத் தடவை நெசமான தளபதிடா!" என்று கத்திக்கொண்டு திரும்பி ஓடியது. ஒருவன் ஓடினால் பத்துப் பேர் ஓடுவது படைக்கு வழக்கம்தானே?

படை ஓடிய சேதி கேட்டுக் காடு திரும்பியது. மறுநாள் மந்தி படிவம் ஏழோடு ஆமையைத் தேடி வந்து கைகட்டி நின்றது. சாக்கை எடுத்து, காட்டெருமைச் சிலையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். புதுச் சிலைக்கு அளவெடுக்க ஆளும் வந்திருந்தது. குளக்கரைப் பலகையில் பெயிண்ட் ஈரமாக இருந்தது: 'தளபதி நிதானனார் குடும்பத்தார் நேராக வரவும்.'

"ஐயா, ஓர் அடியாவது பின்வாங்கினீங்களா?"

நேற்று பயத்தில் ஓட்டுக்குள் நனைத்துக்கொண்டது இன்னும் காயவில்லை. ஆமை குளத்தைப் பார்த்தது. தண்ணீர் கண்ணாடியாக இருந்தது.

"இல்லைன்னு டிக் போடும்மா."

"பயம் ஏதாவது?"

"பயமா? எனக்கா? உறுமினேன்னு எழுதிக்க."

மந்தி தயங்கியது. "ஐயா, ஆமை உறுமுமா?"

"அன்னைக்கு உறுமுச்சு."

நீதி: வரலாற்றுப் பிழைகளைத் திருத்துவது நம் ஒவ்வொருவரின் கடமை, பிழை நம் பெயருக்கு வந்து சேர்வதற்குள் அந்தக் கடமையை முடித்துவிட வேண்டும்.